வீட்டுப் பிரஸ்ஸும் டெக்சஸ் பிரஸ்ஸும்

எங்கள் வீட்டு ஃப்ளை பிரஸ், அதாவது கையை வீசித் தகடு வெட்டும் மிஷின், நிற்பது கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் நடையில். சேலத்தில் சிவதாபுரம், பனங்காடு பக்கம் கொலுசு வேலை நடக்கும் வீடுகளுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வெள்ளி செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வரும், கொலுசாகி அங்கேயே திரும்பிப் போகும். இடையில் உருக்குவது ஒரு வீடு, கம்பி இழுப்பது ஒரு வீடு, மெருகு போடுவது இன்னொரு வீடு. எங்கள் பங்கு, தகட்டில் வட்டம் வெட்டி, அதைக் குழித்து, சலங்கைக்கு அரைக் கிண்ணமாக்கிப் பற்றவைத்துக் கொடுப்பது. பற்றவைப்பது வீட்டுக்காரர். பிரஸ் என் பொறுப்பு. ஓட்டுவது மட்டுமில்லை, கழற்றுவது, மாட்டுவது, அதற்கு வைத்தியம் பார்ப்பது எல்லாமே.

என் அண்ணன் மகன் டெக்சஸில் இருக்கிறான். அவனிடமும் ஒரு பிரஸ் இருக்கிறது. ஆனால் வேலை வேறு. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை மறுபடி அளவுக்குக் கொண்டுவந்து, பழைய பிரைமரை, அதாவது கூட்டின் அடியில் தீ மூட்டும் சின்ன மூடியை, தட்டி வெளியே எடுத்து, புதிது அமுக்கி, வெடிமருந்தை எடைபோட்டு நிரப்பி, மேலே குண்டு வைத்து அழுத்துவான். சனி ஞாயிறில் சுடுதளத்துக்குப் போய் அட்டையில் ஓட்டை போட்டுவிட்டு வருவான். அங்கே இது பலர் வீட்டு கராஜில் நடக்கும் பொழுதுபோக்கு. இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க லைசென்ஸ் வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து செய்கிற காரியமில்லை. எனவே இதைப் படித்துவிட்டு யாரும் கிளம்பிவிடாதீர்கள். அவன் தோட்டாவில் எனக்கு ஒரு அக்கறையும் கிடையாது. அவன் பிரஸ்ஸில் உண்டு.

கொஞ்ச நாள் முன்னால் வீடியோ காலில் வந்தான். "அத்தை, கைப்பிடிய இழுத்தா நறநறங்குதுங்க. எண்ணெய் விட்டா ரெண்டு நாள் சும்மா இருக்குது, அப்புறம் முன்னைக்கு மேல நறநறங்குது." எண்ணெய் விட்ட பிறகு மோசமாகிறது என்றால் உள்ளே மண் மாதிரி ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். போனைக் கீழே கொண்டுபோய்த் தண்டைக் காட்டு என்றேன். காட்டினான். தண்டைச் சுற்றிக் கருப்பாக, பசையாக, மை அப்பினாற்போல் ஒரு பூச்சு. கீழே இணைப்புக் கம்பிகள் சேரும் பின்களிலும் அதே கருப்பு.

அவன் பிரஸ் எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். என்னுடையதில் எல்லாம் மேலே. தலைக்கு மேலே இரும்புக் குண்டு வைத்த கை, அதற்குக் கீழே ஸ்குரூ, ஸ்குரூ சுற்றும் கன்மெட்டல் நட், அதற்குக் கீழே ஸ்லைடில் இறங்கும் தண்டு, அதன் நுனியில் அமுக்கி வெட்டும் பஞ்ச், கடைசியில் அதை வாங்கும் டை என்ற அச்சு, டையின் மேல் வெள்ளித் தகடு. கையை வீசினால் வீச்சின் வேகம் அடியாக இறங்கும். அவனுடையதில் எல்லாம் தலைகீழ். டை மேலே, சட்டத்தில் திருகி நிற்கும். தண்டு கீழே. பக்கத்துக் கைப்பிடியைக் கீழே இழுத்தால் இணைப்புக் கம்பிகள் நிமிர்ந்து தண்டை மேலே தள்ளும். தண்டின் தலையில் கூட்டைப் பிடித்துக்கொள்ளும் ஒரு சின்ன வில்லை. கூடு அதில் நின்றபடி டைக்குள் போகும். வீச்சு, வேகம் எதுவும் இல்லை. கம்பிகள் நேராக நிமிர நிமிரப் பலம் கூடிக்கொண்டே போகும். கடைசி அரை இஞ்சில் ஒரு விரல் பலம் போதும் என்பான்.

இந்த மேல் கீழ் வித்தியாசத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. அழுக்கு எப்போதும் கீழே விழும். என் பிரஸ்ஸில் மிஷின் மேலே, சரக்கு கீழே. எனவே மிஷினின் எண்ணெய் சரக்கில் விழும். அவனுடையதில் சரக்கு மேலே, மிஷின் கீழே. எனவே சரக்கின் அழுக்கு மிஷினில் விழும். பிரைமரைத் தட்டி எடுக்கும்போது அதிலிருக்கும் எரிந்த சாம்பல் தூவிக்கொண்டு தண்டு வழியே இறங்குகிறது. அந்தச் சாம்பல் சும்மா கரியில்லை, உரசிப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். அதன் மேல் இவன் எண்ணெய் விட்டால்? எண்ணெயும் சாம்பலும் சேர்ந்து வால்வு தேய்க்கிற பேஸ்ட் ஆகிவிட்டது. இழுக்கிற ஒவ்வொரு இழுவைக்கும் அவன் தன் கையாலேயே தண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் மருந்து டப்பா, பிரைமர் பெட்டி எல்லாவற்றையும் அந்த அறையை விட்டே எடு என்றேன். கழற்றி மாட்டுகிற வேலை நடக்கும் மேசையில் தீப்பிடிக்கிற சாமான் இருக்கக் கூடாது, அது எந்த ஊராக இருந்தாலும். அப்புறம் காற்று அடித்துச் சுத்தம் செய்யப் போனான், வேண்டாம் என்றேன். பிரைமர் கலவையில் ஈயம் இருக்கிறது, சாம்பலிலும் இருக்கும். காற்று அடித்தால் அது மூக்குக்குத்தான் போகும். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு சாப்பிடச் சொன்னேன். எங்கள் தொழிலில் காட்மியம் கலந்த பற்றை (ஒட்டவைக்க உருக்கும் உலோகத்தை) ஊதி நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்தவள் நான். இந்த விஷயத்தில் கிண்டலுக்கு இடம் கொடுப்பதில்லை.

பின்களைக் கழற்றித் துடைத்து, தண்டை உருவித் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்து, பிறகு விரலில் தொட்ட எண்ணெயைப் பூசி அதையும் துடைத்து எடுக்கச் சொன்னேன். தண்டில் ஈரம் தெரியவே கூடாது. தொட்டால் வழவழப்பு இருந்தால் போதும். பின்களுக்கு மட்டும் கொஞ்சம் கிரீஸ். நறநறப்பு போய்விட்டது. ஆனால் சாம்பல் விழுவதை நிறுத்தாமல் இதைச் செய்தால் மாதம் ஒருமுறை இதே பூஜைதான். அதனால் தண்டின் அடியில் பிரைமர் வெளியேறும் வாயில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டான். அங்கே பலரும் செய்கிற மாற்றம்தானாம் அது. நான் சேர்த்தது ஒன்றுதான்: தண்டுக்குச் சட்டை. மெல்லிய ரப்பரில் நடுவில் தண்டின் அளவைவிடத் துளி சின்னதாக ஓட்டை போட்டு, தண்டு சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் மேலே உட்கார வைத்தால், தண்டு இறங்கும்போது சாம்பலை அது வழித்துவிடும். சைக்கிள் ட்யூபே போதும்.

என் பிரஸ்ஸின் கதை இதற்கு நேர் எதிர். பற்று ஓட வேண்டுமானால் வெள்ளி பளிச்சென்று சுத்தமாக இருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற இடத்தில் வெண்காரம் பிடிக்காது, பற்றுப்பொடி உருண்டு உருண்டு நிற்கும், ஊதினாலும் ஓடாது. அரைக் கிண்ணங்கள் இரண்டையும் சேர்த்து ஊதினால் விளிம்பில் ஓர் இடத்தில் மட்டும் பிளவு நிற்கும். வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார், தட்டில் தனியாகப் போடுவார். எனக்குப் புரிந்துவிடும். சித்திரை வெயிலில் இது அதிகம். சேலம் வெயிலுக்கு எண்ணெய் தண்ணீராக இளகி ஸ்குரூ வழியே வழிந்து, தண்டில் இறங்கி, பஞ்ச் நுனியில் முத்தாக நிற்கும். அடித்தால் தகட்டில் வட்டமாக ஒரு கறை.

அதற்காக எண்ணெயே விடாமல் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நட் ஒரு வருஷம் தாங்காது. நான் செய்தது இது. நட்டுக்குக் கீழே, தண்டு ஆரம்பிக்கிற கழுத்தில் லேத் ஓட்டும் டர்னரிடம் சொல்லி ஒரு காடி (வட்டப் பள்ளம்) போட்டுவாங்கினேன், மூன்று மில்லிமீட்டர் அகலத்தில். அந்தக் காடியில் விளக்குத் திரியை, கோயிலுக்கு வாங்குகிற அதே பருத்தித் திரியை, இறுக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட்டேன். வழிகிற எண்ணெயைத் திரி குடித்துக்கொள்கிறது. ஊறிக் கனத்துவிட்டால் அறுத்து எறிந்துவிட்டுப் புதிது சுற்றலாம். அறுக்கும்போது திரியைப் பிரித்துப் பார்ப்பேன்; அதில் மஞ்சளாக மினுமினுப்பு இருந்தால் நட் தேய்கிறது, கன்மெட்டல் பொடி வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஃபெல்ட் வாங்கிப் போட்டாலும் இதேதான். ஆனால் திரி எப்போதும் வீட்டில் இருக்கும், அமாவாசைக்கு அமாவாசை வாங்கி வைப்பதுதானே.

அமாவாசை என்றதும் இன்னொன்று. ஆயுத பூஜைக்கு மிஷினுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன் பேர்வழி என்று நட் தலையில் இருக்கும் எண்ணெய்த் துளையைப் பச்சைப் பெயிண்டால் அடைத்துவிடுகிற வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. அப்புறம் வருஷம் முழுக்க எண்ணெய் விட்டுக்கொண்டே இருப்பார்கள், ஒரு சொட்டு உள்ளே போகாது, அத்தனையும் வெளியே வழிந்து தகட்டில் சேரும். பெயிண்ட் அடிப்பதற்கு முன் துளையில் ஒரு தீக்குச்சியைச் செருகிவையுங்கள். விபூதியும் சந்தனமும் பாடியில் பூசுங்கள், ஸ்லைடில் வேண்டாம். சாமி கோபித்துக்கொள்ளாது, ஸ்லைடு கோபித்துக்கொள்ளும்.

இருவருக்கும் பொதுவாக இருந்த இன்னொரு தொல்லை, பிரஸ் விரிவது. பெரிய இரும்புத் துண்டு விரியுமா என்று கேட்பார்கள். விரியும். என்னுடையது சி வடிவம், முன்பக்கம் திறந்த வாய். அடி விழும்போது அந்த வாய் துளி திறந்து மூடும். தகடு வைக்காமல் வெறும் டையில் ஆழத்தைச் சரிபார்த்து ஸ்குரூவில் தடுப்பு வளையத்தை இறுக்கினால், தகடு வைத்து அடிக்கும்போது ஆழம் குறையும். கிண்ணம் சப்பையாக வரும். வளையத்தை எப்போதும் தகடு வைத்துத்தான் செட் பண்ண வேண்டும். அதுவும் அன்றைக்கு ஓடப்போகிற அதே கனத் தகடு, அதே பதத்தில் காய்ச்சியது. அடிக்க அடிக்க வெள்ளி விறைக்கும்; காய்ச்சி இளக்காத தகட்டில் செட் செய்துவிட்டு இளக்கிய தகட்டை ஓட்டினால் கணக்கு தப்பும்.

அவனுடையது ஓ வடிவம், சுற்றிலும் மூடிய சட்டம். அதனால் விரிவு குறைவு, ஆனால் இல்லாமல் போகாது. தண்டை முழுதும் மேலே தூக்கி, டையைத் திருகி வில்லையில் முட்டவைத்து, தண்டை இறக்கி இன்னும் கொஞ்சம் திருகிப் பூட்டுவார்களாம். வெறும் தண்டைத் தூக்கிப் பார்த்தால் டைக்கும் வில்லைக்கும் நடுவே இடைவெளியே இருக்காது. கூடு வைத்து இழுத்தால்? பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். மெல்லிய கோடாக வெளிச்சம் தெரிந்தது. கூடு முழு அளவுக்கு அமுங்கவில்லை, அவ்வளவுதான். சில கூடுகள் துப்பாக்கியில் சரியாக உட்காராததற்கு அவன் என்னென்னவோ காரணம் தேடிக்கொண்டிருந்தான். கூட்டோடு வைத்துத் திருகி, வெளிச்சம் மறையும் இடத்தில் பூட்டினான்.

ஓர் இடத்தில் மட்டும் அவன் ஆட்கள் செய்வதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். டையைப் பூட்டும் வளையத்துக்கு அடியில் ஒரு ரப்பர் ஓ ரிங் போட்டு, டையைக் கொஞ்சம் மிதக்க விடுகிறார்கள். கூடு தானே நடுவைத் தேடிக்கொள்ளுமாம். எங்கள் வேலையில் இதைச் செய்தால் பஞ்ச் டையின் விளிம்பில் மோதி அன்றைக்கே இரண்டும் போச்சு. யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. கூட்டுக்கு வாய் வட்டமாக இருக்கிறது, டையின் வாய் சரிந்து அகன்றிருக்கிறது, இரண்டும் மோதாமல் வழுக்கி நேராகிக்கொள்ளும். நாங்கள் வெட்டுவது 0.3 மில்லிமீட்டர் தகடு. பஞ்சுக்கும் டைக்கும் நடுவே ஒரு பக்கத்துக்கு 0.015 மில்லிமீட்டர்தான் இடம். அதில் மிதப்பதற்கு எங்கே இடம்?

அதனால் எங்கள் சோதனை வேறு. டையை மேசையில் லேசாகப் பூட்டி, தினசரித் தாளில் ஒரு துண்டு கிழித்து வைத்து, கையை வீசாமல் மெதுவாக இறக்குவேன். தாள் சுற்றிலும் சுத்தமாக வெட்டுப்பட்டு வட்டம் கீழே விழுந்தால் நேராக இருக்கிறது. ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் நாரோடு தொங்கினால், தொங்குகிற பக்கம் இடம் அதிகம் என்று பொருள். டையைத் தொங்குகிற பக்கத்திலிருந்து தாமிரச் சுத்தியால் தட்ட வேண்டும். இரும்புச் சுத்தி வேண்டாம். எண்ணெயில் முக்கிக் கடினப்படுத்தும் ஓ.எச்.என்.எஸ் ஸ்டீலில் செய்த டை, தட்டினால் ஓரம் உதிரும். தாள் சரியாக வெட்டிய பிறகே வெள்ளி.

கைப்பிடி விஷயத்தில் அவன் என்னிடமிருந்து ஒன்று எடுத்துக்கொண்டான். அவன் பிரஸ்ஸின் கைப்பிடி நுனியில் இரும்பு உருண்டை, தண்டோடு ஒட்டியது. இழுக்கும்போது உருண்டை சுற்றாது, உள்ளங்கை சுற்ற வேண்டும். ஒரு மாலை முழுக்க இழுத்தால் கொப்புளம். என் பிரஸ்ஸில் கைப்பிடிக் கம்பியின் மேல் தளர்வாக ஒரு தேக்குக் குழல் ஏற்றியிருக்கிறேன், இரண்டு பக்கமும் பித்தளை வாஷர். கை பிடித்தது பிடித்தபடி இருக்கும், கம்பி உள்ளே சுற்றிக்கொள்ளும். அண்ணி அமெரிக்கா போனபோது அதே மாதிரி ஒன்று கடைந்து கொடுத்தனுப்பினேன். விமான நிலையத்தில் பூரிக்கட்டையா என்று கேட்டார்களாம். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

டையின் திரெட் பற்றியும் கேட்டான், சேலத்தில் ஏதாவது அடாப்டர் கடைய முடியுமா என்று. அங்கே பெரும்பாலான டைகள் ஒரே அளவு, 7/8 இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 14 திரெட். ஆர்.சி.பி.எஸ், லீ, ஹார்னடி, ரெட்டிங் என்று எந்தக் கம்பெனி டையை வாங்கினாலும் இந்த அளவு பிரஸ்ஸில் ஏறிவிடும். நம் பட்டறை லேத்தில் வெட்டும் உளியை நகர்த்துகிற லீடு ஸ்குரூ இஞ்சுக்கு 4 திரெட் என்றால் 20 பல், 70 பல் கியர் மாட்டினால் 14 விழுந்துவிடும், பெரிய வித்தையில்லை. ஆனால் மறுத்துவிட்டேன். கைப்பிடி உடைந்தால் கை வலிக்கும். டையைத் தாங்குகிற பாகம் வேறு. அது அங்கேயே கடையில் கிடைக்கிற பொருள், வாங்கிக்கொள்ளட்டும். தவிர, தோட்டா சம்பந்தப்பட்ட எதையும் இந்த வீட்டிலிருந்து பார்சல் கட்டுவதாக இல்லை.

இப்போது அவன் ஒரே இழுவைக்கு நான்கைந்து வேலை நடக்கிற பிரஸ் வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். தட்டு சுற்றும், ஒவ்வொரு டையிலும் ஒவ்வொரு கூடு நிற்கும், கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா முடிந்து விழும். வீடியோ அனுப்பினான். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் கேட்டது, அதில் பிரைமர் சாம்பல் எங்கே விழுகிறது என்று. மறுபடி பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றான், இன்னும் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்தில் எத்தனை வரும் என்பதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பாட்டில் எங்கே தொங்குகிறது என்று தெரிய வேண்டும். தவிர, மருந்து போடாத கூடு ஒன்று நழுவிப் போனால் அதைக் கண்ணால் பிடிக்க அவகாசம் இருக்கிறதா என்பதும்.

என் பிரஸ்ஸுக்கு இப்போது நட் பார்க்க வேண்டியிருக்கிறது. திரியில் மினுமினுப்பு அதிகமாகிவிட்டது. தண்டுக்கு அடியில் மர ஆப்பை வைத்து நெம்பினால் 'டொக்' என்று மேலே ஏறுகிறது. எங்கள் ஸ்குரூ இரட்டைத் திரெட், சதுர வெட்டு. ஒரு சுற்றுக்கு இரண்டு திரெட் தூரம் இறங்கும், அந்த வேகத்தில்தான் அடி விழுகிறது. ஒரு டர்னர், ஸ்குரூ நட் இரண்டையும் ஒற்றைத் திரெட்டாகப் புதிதாகப் போட்டுத் தருகிறேன், சீக்கிரம் முடியும் என்றார். அவருக்குச் சீக்கிரம் முடியும். அப்புறம் நான் ஒரு வட்டத்துக்கு இரண்டு மடங்கு சுற்ற வேண்டும், அதுவும் அடியில்லாமல் வெறும் அமுக்கமாக. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இன்னொருவர், வயதானவர், நட்டைக் கையில் வாங்கி விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். ஒரு பக்கம் தடித்த விளிம்பு (காலர்) இல்லாத நட் என்பதால் கவிழ்த்துப் போடும்மா என்றார். அடி விழும்போது ஸ்குரூ மேல்நோக்கி உதைக்கும், அதனால் திரெட்டின் ஒரு முகம்தான் தேய்ந்திருக்கிறது. கவிழ்த்தால் தேயாத முகம் வேலைக்கு வரும். ஆட்டம் அப்படியேதான் இருக்கும், 'டொக்' போகாது, ஆனால் சொரசொரப்பு போய்விடும், புது நட் வார்த்துக் கடைகிற வரை ஓடும். எண்ணெய்த் துளையை மட்டும் மறுபக்கம் புதிதாகப் போட வேண்டியிருந்தது. கவிழ்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வீச்சுக் கையில் ஒரு குண்டைக் கழற்றிவிட்டு, சின்ன அளவுக் கிண்ணம் மட்டும். பெரிய வட்டம் வந்தால் நாலு வீடு தள்ளி இருக்கிற பிரஸ்ஸுக்கு அனுப்பிவிடுகிறேன், கூலியில் பாதி அவர்களுக்கு. கன்மெட்டல் வார்ப்பு வருகிற வாரம் வரும் என்கிறார்கள்.